இமையில் திரும்ப வரும் கட்டியைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் கண்கட்டி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, இமை ஓரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, கையால் பிதுக்காமல் இருப்பது என்று எல்லாமே சரியாக எழுதியிருந்தது. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. கீறி எடுத்த கட்டி அதே இடத்தில் மறுபடியும் வந்தால் என்ன செய்வது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரியை எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் என் அக்காவுக்கு ஒரு வருடம் வீணாகப் போனது, இடது மேல் இமையில் பாதிக்கு மேல் போனது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. 26 வருடம் திசுப் பரிசோதனைக் கூடத்தில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவள். அறுவை அறையிலிருந்து ஃபார்மலின் பாட்டிலில் வரும் சதைத் துண்டை வாங்கி, நீர் நீக்கி, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவி, சாயம் ஏற்றி, டாக்டர் பார்க்கும்படி ஸ்லைடாகக் கொடுப்பதுதான் என் வேலை. ஸ்லைடுகளை நானும் பார்ப்பேன். சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்து, போகப் போக எது என்ன என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

அக்காவுக்கு அப்போது 63 வயது. இடது மேல் இமையில், நடுவிலிருந்து சற்றே வெளிப்பக்கமாக, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. பார்த்த கண் மருத்துவர் கலேசியான் என்றார். எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு வரும் சாதாரணக் கட்டி அது. ஒத்தடமும் களிம்பும் இரண்டு மாதம். கரையவில்லை. இமையைத் திருப்பிப்போட்டுக் கீறி, சின்னக் கரண்டியால் சுரண்டி எடுத்தார். சுரண்டியது பஞ்சுத்துணியில் ஒட்டிக்கொண்டது, துணி குப்பைக் கூடைக்குப் போனது. நான்கு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் கீறினார், மறுபடியும் துணி, மறுபடியும் கூடை. சிலருக்கு இப்படித் திரும்ப வரும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நூறு கட்டிகளில் தொண்ணூற்றுக்கும் மேல் அவர் சொன்னபடிதான் இருக்கும். ஆனால் இரண்டாவது முறை அந்தத் துணியில் இருந்தது ஒரு பாட்டிலுக்குப் போயிருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும்.

இதெல்லாம் எனக்கு ஃபோனில் வந்த செய்தி. “கண்ணுல கட்டி, எடுத்தாச்சு” என்பார் அக்கா, அவ்வளவுதான். அடுத்த ஐந்து மாதம் கழித்து நேரில் பார்த்தபோது என் கண்ணில் முதலில் பட்டது கட்டி இல்லை, முடி. இமை ஓரத்தில் ஒரு விரல் நக அகலத்துக்கு ஒரு முடிகூட இல்லை. இரண்டு பக்கமும் முடி ஒழுங்காக இருக்க, நடுவில் மட்டும் மழித்துவிட்டதுபோல் இருந்தது. அந்த இடத்தில் இமை விளிம்பு தடித்து, தோலுக்கு அடியில் லேசான மஞ்சள் தெரிந்தது. இடது கண் மட்டும் சிவந்திருந்தது, வலது கண் தெளிவாக இருந்தது. “எத்தனை நாளாக்கா இந்தச் சிவப்பு?” என்று கேட்டேன். “அது மூணு நாலு மாசமா இருக்கு, சொட்டு மருந்து போட்டுட்டுத்தான் இருக்கேன். வலியே இல்லையே, நீ ஏன் பயமுறுத்தறே?” என்றார்.

வலி இல்லை என்பது ஆறுதல் இல்லை. இதை உங்கள் வாசகர்கள் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். திடீரென்று வீங்கிச் சிவந்து, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிப்பது கிருமித் தொற்றால் வரும் கட்டி. அது ஒன்றிரண்டு வாரத்தில் பழுத்து உடைந்துவிடும். மெதுவாக வருவதும் வலிக்காமல் இருப்பதும் கலேசியானுக்கும் பொது, நான் சொல்ல வந்த புற்றுநோய்க்கும் பொது. இதற்குச் செபேசியஸ் கார்சினோமா என்று பெயர். எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய் என்று சொல்லலாம்.

நம் இமைக்குள் சட்டம்போல் ஒரு கெட்டியான தகடு இருக்கிறது. அதற்குள் மேல் இமையில் முப்பது நாற்பது, கீழ் இமையில் இருபது முப்பது என்று சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன. 1666-இல் ஹைன்ரிச் மெய்போம் என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றை விவரித்து எழுதியதால் மெய்போமியன் சுரப்பிகள் என்று பெயர். கண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடாமல் மேலே எண்ணெய்ப் படலம் போடுவது இவைதான். புற்றுநோய் பெரும்பாலும் இவற்றில் ஆரம்பிக்கிறது. முடி வேரை ஒட்டிய சின்னச் சுரப்பிகளிலும், கண்ணின் உள்மூலையில் இருக்கும் சதை முடிச்சிலும் வரலாம். மேல் இமையில் சுரப்பிகள் அதிகம், நோயும் அங்கேதான் அதிகம். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. மேற்கத்திய நாடுகளில் இமைப் புற்றுநோய் என்றாலே பத்தில் ஒன்பது பேசல் செல் என்ற இன்னொரு வகை, இது அங்கே மிக அரிது. இந்தியா, சீனா போன்ற ஆசிய நாடுகளில் மொத்தத்தில் அரிதுதான் என்றாலும், இமைப் புற்றுநோய்களுக்குள் இதன் பங்கு அங்கே இருப்பதைவிடப் பல மடங்கு. ஆகவே மேல்நாட்டுப் பாடநூலில் ‘அபூர்வம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து நாம் நிம்மதியாகிவிடக் கூடாது.

இந்த நோய் வேஷம் போடும். சில பேருக்குக் கலேசியான் வேஷம். சில பேருக்குக் கட்டியே இருக்காது, ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் ஆறாத இமை அழற்சியாக, சிவப்பாகத் தெரியும். இரண்டாவது வேஷம்தான் இன்னும் மோசம், ஏனென்றால் சொட்டு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தே காலம் போய்விடும். சாதாரண இமை அழற்சி பொதுவாக இரண்டு கண்ணிலும் இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆறாமல் இருக்கும் அழற்சி, அதோடு முடி உதிர்வு என்றால் சும்மா விடக் கூடாது. முடி ஏன் உதிர்கிறது? நோய்ச் செல்கள் முடி வேர்ப் பைகளுக்குள் புகுந்து அவற்றை அழித்துவிடுகின்றன. சாதாரணக் கட்டி இமையைத் தள்ளும், அமுக்கும், ஆனால் இப்படி முடியை வேரோடு இல்லாமல் செய்வது அரிது.

நான் வேலை பார்த்த வருடங்களில் இந்த நோயின் ஸ்லைடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்தன. ஒரு முகத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் என் அக்கா முகத்தில்.

வேறொரு கண் மருத்துவரிடம் போனோம். அவர் இமையைத் திருப்பிப் பார்த்தார், காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் விரல் வைத்து நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். மேல் இமையிலிருந்து இந்த நோய் பரவினால் முதலில் போவது பெரும்பாலும் காதுக்கு முன்னால் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குத்தான். நல்ல வேளை, எதுவும் தட்டுப்படவில்லை. இந்த முறை சுரண்டவில்லை. இமையின் முழுத் தடிப்பும் வரும்படி ஒரு துண்டு எடுத்தார். இது முக்கியம். சுரண்டி எடுத்தது கூழாக வரும், மேலோட்டமாக எடுத்த துண்டில் அழற்சி மட்டும் தெரிந்து அடியில் இருக்கும் நோய் தப்பிவிடலாம். ‘பயாப்ஸியில் ஒன்றும் இல்லை’ என்று ஒரு முறை வந்தாலும் கட்டி நிற்காமல் வளர்ந்தால் திரும்ப ஆழமாக எடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் செய்தார். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் சீட்டில் சும்மா ‘இமைக் கட்டி’ என்று எழுதாமல், ‘மேல் இமை, மூன்றாவது முறை, முடி உதிர்வு, செபேசியஸ் கார்சினோமா சந்தேகம்’ என்று எழுதினார். என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், இந்த ஒரு வரிக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. இந்த நோயை அடையாளம் காட்டுவது செல்லுக்குள் இருக்கும் கொழுப்பு. வழக்கமான முறையில் துண்டை மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைக்கிறோம் இல்லையா, அதில் கொழுப்பெல்லாம் கரைந்து போய்விடும். அப்புறம் தேடினால் கிடைக்காது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் துண்டில் ஒரு பகுதியைத் தனியாக வைத்து, மெழுகுக்குப் போகாமல் உறையவைத்துச் சீவி, ஆயில் ரெட் ஓ சாயம் போடலாம். கொழுப்புத் துளிகள் செக்கச்செவேல் என்று நிற்கும். இப்போது மெழுகில் பதித்த துண்டிலேயே கொழுப்புத் துளியைச் சுற்றியிருக்கும் அடிபோஃபிலின் போன்ற புரதங்களைக் கண்டுபிடிக்கும் சாயங்களும் வந்துவிட்டன. இருந்தாலும் சந்தேகத்தை எழுதி அனுப்பினால்தான் அதைப் போடத் தோன்றும். எழுதாவிட்டால் பேசல் செல், ஸ்குவாமஸ் செல் என்ற வேறு வகைப் புற்றுநோய் என்று மாறிப்போக வாய்ப்பு உண்டு.

நான் முன்பு வேலை பார்த்தவர்களிடம்தான் துண்டு போனது. மனசு கேட்காமல் நானும் போய் நின்றேன். இத்தனூண்டு துண்டு, கூழாங்கல்லில் உடைந்த சில்லுபோல வெளிறிப்போய்க் கிடந்தது. இவ்வளவு சின்னதை மெழுகில் தொலைத்துவிடாமல் இருக்க நாங்கள் அதன்மேல் ஒரு சொட்டு இயோசின் வைத்துச் சிவப்பாக்கி, வடிதாளில் மடித்து கேசட் என்ற சின்னத் துளைப் பெட்டிக்குள் வைப்போம். எத்தனையோ பேருடைய துண்டுகளுக்கு யோசிக்காமல் செய்த அந்த வேலையை அன்றைக்கு ஒரு சின்னப் பெண் செய்துகொண்டிருந்தாள். அவள் கையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்லைடு வந்தது. இருவர் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் எனக்கும் இடம் கொடுத்தார் நோய்க்கூறியல் டாக்டர். உங்கள் கட்டுரையில் இல்லாத பகுதி இது என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் கலேசியான் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் வித்தியாசம் புரியும். அதில் சுரப்பியிலிருந்து கசிந்த எண்ணெய் திசுவுக்குள் தேங்கியிருக்கும். எண்ணெய் கரைந்துபோனதால் ஸ்லைடில் அந்த இடங்கள் வெறும் வட்ட ஓட்டைகளாகத் தெரியும். ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றி உடம்பின் துப்புரவுச் செல்கள், பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்கள், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் எல்லாம் வளையம் கட்டி நிற்கும். ஆக அங்கே ஓட்டை இருப்பது செல்லுக்கு வெளியே.

அக்காவின் ஸ்லைடில் சின்ன லென்ஸில் பார்த்தபோது இளஞ்சிவப்புத் திசுவுக்கு நடுவே நீலத் தீவுகள். ஹெமடாக்சிலின் என்ற சாயம் உட்கருவை நீலமாக்கும், இயோசின் மற்றதைச் சிவப்பாக்கும். நீலம் இவ்வளவு அடர்த்தியாக இருந்தால் உட்கருக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். சில தீவுகளின் நடுவில் செல்கள் செத்துப்போய் வெறும் சிவப்புக் குழம்பாகிக் கிடந்தன. பெரிய லென்ஸுக்கு மாற்றினார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சோப்பு நுரைபோல் சின்னச் சின்னக் குமிழிகள். கொழுப்பு இருந்து கரைந்த இடங்கள் அவை. இங்கே ஓட்டை செல்லுக்கு உள்ளே. உட்கருக்கள் பெரிதாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், நடுவில் தெளிவான புள்ளியோடு இருந்தன. பார்வை வட்டத்துக்குள் நான்கைந்து செல்கள் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தன. ஸ்லைடின் ஓரத்தில் ஒரு நல்ல சுரப்பியும் கிடைத்தது. விளிம்பில் சின்னச் செல்கள், உள்ளே போகப் போக எண்ணெய் நிரம்பிப் பெருத்த செல்கள், அவை உடைந்துதான் எண்ணெய் வெளியே வரும். அந்த ஒழுங்கையும் பக்கத்திலேயே இருந்த கலவரத்தையும் ஒரே கண்ணாடித் துண்டில் பார்த்தேன்.

டாக்டர் ஸ்லைடை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். இமையின் உட்புறம் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு. அடுக்கி வைத்த செங்கல் மாதிரி ஒழுங்காக இருக்க வேண்டிய அந்தச் செல்களுக்கு இடையில் அங்கங்கே ஒன்று, அங்கங்கே இரண்டு என்று அதே நுரைச் செல்கள் புகுந்து உட்கார்ந்திருந்தன. இதற்குப் பேஜெட் வகைப் பரவல் என்று பெயர், 1874-இல் மார்பக நோய் ஒன்றை விவரித்த ஜேம்ஸ் பேஜெட் பெயரால் வந்தது. கட்டியின் எல்லையோடு நோய் நிற்கவில்லை என்று இதற்குப் பொருள். வெளியே இருந்து பார்த்தால் வெறும் கண் சிவப்பு. அக்கா நான்கு மாதமாகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தது இதற்குத்தான். டாக்டர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டி 9 மில்லிமீட்டர். சுற்றிலும் 5 மில்லிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து எடுத்து, ஓரங்களில் நோய் இல்லை என்று உறுதி செய்தார்கள். சவ்வில் நோய் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்க்கக் கண்ணின் மேலிருந்தும் இமைகளின் உட்புறமிருந்தும் பல இடங்களில் பொடித் துண்டுகள் எடுத்தார்கள், ஒவ்வொன்றும் இடம் எழுதிய தனித்தனி பாட்டிலில். விட்டு விட்டுப் பரவும் நோய் என்பதால் இந்த வரைபடம் இல்லாமல் முடியாது. இரண்டு பாட்டிலில் நோய் இருந்தது. புண் ஆறிய பிறகு அதற்கு மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைச் சொட்டு மருந்தாக, ஒரு வாரம் போட்டு ஒரு வாரம் நிறுத்தி, சில சுற்றுகள். போன இமைக்குப் பதிலாகக் கீழ் இமையிலிருந்து திசுவை மேலே இழுத்துத் தைத்தார்கள். 1955-இல் கட்லர், பியர்ட் என்ற இருவர் விவரித்த முறை. அந்தத் திசுவுக்கு ரத்த ஓட்டம் ஊன்றும் வரை, ஏழு வாரம், அக்காவின் இடது கண் மூடியே இருந்தது. பிறகு வெட்டிப் பிரித்தார்கள். புது இமை மூடுகிறது, திறக்கிறது. முடி வராது.

குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்ததா என்றும் கேட்டார்கள். 1967-இல் மியூர், 1968-இல் டோரே என்ற மருத்துவர்கள் எழுதிய ஒரு பரம்பரைக் கோளாறில் எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகளும் குடல் போன்ற உள்ளுறுப்புப் புற்றுநோய்களும் சேர்ந்து வரும். மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் குறைந்திருக்கின்றனவா என்று அதே மெழுகுக் கட்டியில் சோதித்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

இன்னும் தாமதமாகியிருந்தால் என்ன என்று எனக்குத் தெரியும், நான் அந்த ஸ்லைடுகளையும் செய்திருக்கிறேன். கண் குழிக்குள் நோய் இறங்கிவிட்டால் கண்ணையும் சுற்றியுள்ள திசுவையும் சேர்த்தே எடுக்க வேண்டி வரும். கழுத்து முடிச்சுகளைத் தாண்டி நுரையீரல், கல்லீரல் என்று போனால் உயிருக்கே ஆபத்து.

இனி என் வேண்டுகோள். கண்கட்டி வந்த எல்லாரும் பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு அது ஒத்தடத்திலேயே கரைந்துவிடும். இளம் வயதுக்காரருக்கு முதல் முறை வரும் சாதாரணக் கலேசியானைப் பரிசோதனைக்கு அனுப்பத் தேவையில்லை என்று பல மருத்துவர்கள் நினைக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் 50 வயதைத் தாண்டியவருக்கு முதல் முறையே அனுப்புங்கள் என்பது என் கருத்து. எந்த வயதாக இருந்தாலும் அதே இடத்தில் இரண்டாவது முறை வந்தால் அனுப்பியே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. டாக்டர் கீறும் முன் நோயாளியோ கூட வந்தவரோ, “எடுப்பதைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா டாக்டர்?” என்று மரியாதையாகக் கேட்டுவிடலாம். அதில் தப்பே இல்லை. அனுப்பும் அறுவை அறை ஊழியர்களுக்கும் சொல்கிறேன்: துண்டைப் பஞ்சுத்துணியில் வைத்து மேசையில் விட்டுவிடாதீர்கள், சில நிமிடங்களில் காய்ந்து செல் உருவம் கெட்டுவிடும். துண்டைவிடப் பத்து மடங்காவது ஃபார்மலின் ஊற்றி உடனே அதில் போடுங்கள். மூடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி ஒட்டிக் காய்ந்துபோன துண்டுகளை எத்தனையோ தடவை சுரண்டி எடுத்திருக்கிறேன்.

அடுத்த முறை கண்கட்டி பற்றி எழுதும்போது ஒரே ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே இடத்தில் திரும்ப வந்தால், இமை முடி உதிர்ந்தால், ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்திருந்தால் திசுப் பரிசோதனை கேளுங்கள் என்று. கட்டுரையோடு படம் போடுவதாக இருந்தால் முடி உதிர்ந்த இமை ஓரத்தைப் பக்கத்தில் எடுத்த படமாகப் போடுங்கள். எழுத்தைவிட அது வாசகர்களுக்கு நினைவில் நிற்கும்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இமையைத் திருப்பிப் பார்த்து, காதுக்கு முன்னால் தடவிப் பார்த்து அனுப்புகிறார்கள். அடுத்தது வரும் மாதம், நானும் கூடப் போகிறேன்.

தங்கள் நீண்ட நாள் வாசகி,
திசுப் பரிசோதனைக் கூடத் தொழில்நுட்பர், ஓய்வு